நான்கு நிமிடம்

காலை ஆறரையிலிருந்து பதினொரு வீடு.
ஒவ்வொரு வீட்டிலும் வீங்கிய ஒரு ஜோடி கால்,
அதற்கு இறுக்கமான ஒரு ஜோடி காலுறை.
காலுக்கு இரண்டு நிமிடம் என்று
அலுவலகம் கணக்கு வைத்திருக்கிறது.
வணக்கம் சொல்வது கணக்கில் இல்லை.

பத்து வினாடிக்கு மேல் நிற்பதானால்
அணைத்துவிட வேண்டும் அம்மா, என்கிறான் யோரித்.
பதினான்கு வயது. பள்ளியில் சொன்னார்களாம்.
என் காரின் ஸ்டார்ட்டர்
மூன்று தரம் திருகினால் ஒரு தரம்தான் மனம் வைக்கும்,
அது அவனுக்குத் தெரியாது.
புதிதாக மாட்ட நானூற்று எழுபது யூரோ.
அவன் பல்லுக்குக் கம்பி கட்ட அதைவிடக் கொஞ்சம் அதிகம்.
கம்பி முந்திக்கொண்டது.

ஆகவே என் கார்
ஃப்ரீஸ்லாந்தின் வாசல்களில்
உறுமிக்கொண்டே காத்திருக்கும்,
உள்ளே நான் மண்டியிட்டு
யாரோ ஒருவரின் குதிகாலைத்
துணிக்குள் நுழைக்கும் வரை.
சரிவில் நிறுத்தி உருட்டிக் கிளப்பலாம்தான்.
ஆனால் ஊர் தட்டை. கோலிக்குண்டை வைத்தால்
வைத்த இடத்திலேயே இருக்கும்.
கடலை மறிக்கும் கரையை விட்டால்
எனக்கு ஒரு மேடு கிடையாது.

ஏழாவது வீடு ஹெப்கேமா.
பால் லாரி ஓட்டியவர்.
மூக்கில் குழாய், தலைமாட்டில் மூச்சுப் பெட்டி,
படுக்கை தெருப்பக்க ஜன்னலோரம்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்,
இடது கால் முடிந்து வலதைத் தூக்கும்போது கேட்டார்:
"டீசல்தானே?"
ஆமாம் என்றேன்.
"ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை.
வாசனை சொல்கிறது."
அவ்வளவுதான்.
நான்தான் பார்த்தேன்,
ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்ததை,
அந்த ஒரு விரலுக்கு நேரே
என் புகைக்குழாய் நின்றதை.
இரண்டு குளிர்காலமாக அங்கேதான் நிறுத்துகிறேன்.

எட்டாவது வீட்டுக்குப் போகும் வழியில்
பாலத்தைத் தூக்கியிருந்தார்கள்.
மணல் ஏற்றிய படகு, அவசரமே இல்லாத படகு.
முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அணைத்தார்கள்.
பின்னாலும்.
கடைசியில் என் சத்தம் மட்டும்,
இரங்கல் கூட்டத்தில் செல்போன் அடித்த மாதிரி.
சாவியைத் திருப்பினேன்.

தண்ணீர் கேட்டது.
நாணலுக்குள் ஒரு நாமக்கோழி யாரையோ அதட்டியது.
படகுக்காரரின் ரேடியோவில் நாளை காற்று என்றார்கள்.
இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று
வியக்க எனக்கு முடியவில்லை.
மறுபடி கிளம்புமா?

கிளம்பவில்லை.
க்ளக். க்ளக்.
பாலம் இறங்கி, தடுப்புக் கம்பம் ஏறி,
பாலக்காரர் டௌவ கூண்டிலிருந்து கையை விரித்தார்.
பின்னாலிருந்த ரொட்டி வேன்காரர் இறங்கினார்.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு மாணவர்கள்.
ஒரு பெண், வாயில் கடித்த ஆப்பிளோடு.
யாரும் திட்டவில்லை.
"இரண்டாவது கியர்" என்றது ஒரு குரல்.
பாலத்தின் முதுகு வரை தள்ளினார்கள்.
அதுவும் ஒரு மேடுதான், மறந்திருந்தேன்.
இறக்கத்தில் கிளச்சை விட்டேன்.
கார் இருமியது, விக்கியது, உயிர் பிடித்தது.
நன்றி சொல்ல நிறுத்தவில்லை,
நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும்.
ஹாரனை மட்டும் இரண்டு தரம்.

தாமதம் ஒன்பது நிமிடம் என்று எழுதினேன்.
காரணம்: பாலம்.

இப்போது ஹெப்கேமா வீட்டுக்கு மட்டும்
கடல் கரையின் சரிவில் நிறுத்தி
அணைத்துவிட்டு நடக்கிறேன்.
போக மூன்று நிமிடம், வர மூன்று,
யார் கணக்கிலும் இல்லாதவை.
மற்றப் பத்து வாசல்களில் இன்னும் உறுமல்தான்.
யோரித்திடம் இரண்டையும் சொல்லவில்லை.

நேற்று அவர் கேட்டார்:
"காரை விற்றுவிட்டாயா வீட்ஸ்கே?
முன்னெல்லாம் சத்தம் கேட்டதும்
சீப்பை எடுத்து ஒரு வாரு வாரிக்கொள்வேன்.
இப்போது திடீரென்று வந்து நிற்கிறாய்."

கலைந்த தலையோடு
இடது காலை நீட்டினார்.